வீண் விரயம் பொக்கேயிலா, மேடையிலா?



கல்யாணப் பொக்கேயைக் காயவைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் பாதுகாக்கும் ஆசை நமது பிள்ளைகளிடமும் வந்துவிட்டது. "இதெல்லாம் வீண் விரயம்" என்று பெரியவர்கள் சிலர் ஏசுகிறார்கள். "ஃப்ரீஸ் ட்ரையிங் செய்தால் ஆயுளுக்கும் அப்படியே இருக்கும்" என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். இரண்டு பேச்சும் முழுச் சரியில்லை என்பதே நமது கருத்து.

முதலில் விஷயத்தை விளங்கிக்கொள்வோம். பூவைச் சும்மா காயவிட்டால், வெளியேறும் தண்ணீர் கலங்களின் சுவர்களையும் சேர்த்து உள்ளே இழுக்கும். இதழ் சுருங்குவது அதனால்தான். ஃப்ரீஸ் ட்ரையிங்கில் பூவை முதலில் நன்றாக உறைய வைக்கிறார்கள். பிறகு மெஷினுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, அமுக்கத்தை 6 மில்லிபாருக்கும் கீழே இறக்குகிறார்கள். அந்த அமுக்கத்தில் பனிக்கட்டி தண்ணீராக உருகாமல் நேரே ஆவியாகிப் போகும். அயடீனை வைத்து பதங்கமாதல் என்று வகுப்பில் படித்தோமே, அதேதான். தண்ணீர் போய்விடும், பூவின் உருவம் நிற்கும். பிறந்த குழந்தைக்குப் போடும் பீ.சீ.ஜீ. தடுப்பு மருந்தும் இப்படி உலர்த்தப்பட்ட தூளாகத்தான் வருகிறது. ஆகவே இது ஏமாற்று வித்தையல்ல, நல்ல விஞ்ஞானம்.

ஆனால் "ஆயுளுக்கும்" என்பது வியாபாரப் பேச்சு. உலர்ந்த பூ காற்றிலுள்ள ஈரத்தைத் திரும்பவும் உறிஞ்சும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் திறந்து வைத்தால் துவண்டுவிடும். வெயில் பட்டால் நிறம் மங்கும், வெள்ளைப் பூ காலப்போக்கில் மஞ்சளிக்கும். காற்றுப் புகாத பெட்டியும் நிழலான இடமும் கட்டாயம்.

எனவே காசு கொடுக்கும் முன் கேளுங்கள்: மெஷினில் உலர்த்துகிறீர்களா, சிலிக்கா ஜெல்லிலா? பெட்டி காற்றுப் புகாமல் மூடப்படுமா? எத்தனை நாளில் தருவீர்கள்? மெஷினில் ஒரு பொக்கே உலர இரண்டு மூன்று கிழமையாவது எடுக்கும். இரண்டு நாளில் தருகிறோம் என்றால் அது வேறு வேலை.

வசதியில்லாத பிள்ளை கவலைப்படத் தேவையில்லை. மூடியுள்ள டின்னில் சிலிக்கா ஜெல் மணிகளைப் போட்டு, நல்ல ரோஜா ஒன்றிரண்டைப் புதைத்து ஒரு கிழமை வைத்தால் போதும். நிறம் கொஞ்சம் கறுக்கும், உருவம் இருக்கும். அந்த ஒரு பூவே ஞாபகத்துக்குப் போதாதா?

இனி விரயத்துக்கு வருவோம். நுவரெலியாப் பக்கமிருந்து லொறியில் வரும் ரோஜாவும் கார்னேஷனும் மண்டப மேடை முழுக்க அடுக்கப்படுகின்றன. நாலு மணித்தியாலம் ஃபோட்டோவுக்கு நின்றுவிட்டு, மறுநாள் காலையில் குப்பை வண்டியில் போகின்றன. அந்தச் செலவு பெரும்பாலும் பெண் வீட்டின் தலையில்தான் விழுகிறது. சில வாப்பாமார் கடன்பட்டே அதைச் செய்கிறார்கள். அதைப் பார்த்து "மாஷா அல்லாஹ், நல்ல டெக்கரேஷன்" என்று சொல்லும் நாம், கையிலிருந்த ஒரு பூச்செண்டைப் பத்திரப்படுத்த நினைக்கும் மணமகளை மட்டும் ஏசுவது நியாயமா?

மேடைப் பூவைக் குறைப்போம். மாப்பிள்ளை வீட்டாரே முன்வந்து "மேடை எளிமையாக இருக்கட்டும்" என்று சொன்னால், பெண்ணைப் பெற்றவரின் பாரம் பாதி குறையும். அந்தப் பேச்சை நிகாஹ் நாள் குறிக்கும் அன்றைக்கே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.