கருவில் தெரியும் நிணநீர்க் கட்டி: அச்சம் வேண்டாம், கேள்வி வேண்டும்

"கட்டி" என்ற சொல் காதில் விழுந்ததும் புற்றுநோய் என்று கலங்குவது தமிழ்க் குடும்பங்களின் இயல்பு. பிறவாத சிசுவைப் பற்றி அச்சொல் கூறப்படும்போது அக்கலக்கம் பன்மடங்காகிறது.

பிரித்தானியாவில் கர்ப்பத்தின் 18ஆம், 21ஆம் வாரங்களுக்கிடையில் ஸ்கேன் பரிசோதனை நடைபெறுகிறது. அப்போதோ அதன் பின்னரோ சிசுவின் வயிற்றில் நிணநீர்க் கட்டி அரிதாகத் தென்படுவதுண்டு. நிணநீர் நாளங்கள் சரிவர உருவாகாமையால் தோன்றும் இது புற்றுநோயன்று. சூலகக் கட்டியும் ஸ்கேனில் இவ்வாறே தோன்றக்கூடும் என்பதால், குழந்தை பிறந்தபின் மீண்டும் பரிசோதித்தல் அவசியம்.

தொல்லை தராத சிறு கட்டியைக் கண்காணித்தலே போதுமானதாகலாம். குடல் அடைபட்டாலோ முறுக்கிக்கொண்டாலோ சத்திரசிகிச்சையைத் தாமதிக்கலாகாது. முழுமையாக அகற்றினால் மீண்டும் வளரும் வாய்ப்புக் குறைவு. சிலவேளை ஒட்டிய குடற்பகுதியையும் நீக்க நேரிடும். முற்றாக அகற்ற இயலாதபோது, கட்டியைச் சுருக்கும் மருந்தை ஊசிமூலம் செலுத்தும் முறையும் உண்டு.

இத்தனை நுணுக்கங்களையும் பத்து வயது மூத்த பிள்ளை மொழிபெயர்த்தல் தகுமா? தேசிய சுகாதார சேவை மொழிபெயர்ப்பாளரை இலவசமாக வழங்குகிறது. அவரைக் கேட்டுப் பெறுவது பெற்றோரின் உரிமை. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. ஆங்கிலம் அறிந்த இளையோர் செய்யத்தக்க பேருதவி, தாமே மொழிபெயர்ப்பதன்று. அவ்வுரிமையைப் பெற்றோருக்கு எடுத்துரைப்பதே.