ஒடிந்த பிறகா பார்ப்பது?

காலையில் முகப்பேரில் இருந்து எத்தனை வேன்கள் புறப்படுகின்றன! அம்பத்தூர் எஸ்டேட்டுக்குத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு சில. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சில. எல்லாம் ஓடுவது அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டையையும் அச்சையும் நம்பித்தான்.

"நல்லா இருந்த பட்டை, திடீர்னு ஒடிஞ்சு போச்சு சார்" என்பார் டிரைவர்.

திடீர் என்று ஒடிவது இல்லை!

கட்டுக் கம்பியை ஒரு தடவை வளைத்தால் ஒன்றும் ஆகாது. இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் பட்டென்று ஒடியும். இதற்குப் பெயர் உலோக அயர்ச்சி. துருப்பிடித்த குழி, போல்ட் துளை, வெல்டிங் ஓரம் - இங்கேதான் மயிரிழை போல விரிசல் விழும். குலுங்கக் குலுங்க வளரும். ஒடிந்த துண்டைப் பாருங்கள். வழவழப்பாக மங்கி இருக்கும் பகுதி பழைய விரிசல். சொரசொரப்பாக இருப்பது கடைசியில் ஒடிந்த இடம்.

1842-ல் பிரான்சில் வெர்சாய் அருகே ரெயில் என்ஜினின் அச்சு முறிந்தது. 50-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதற்குப் பிறகு ஜெர்மனி என்ஜினீயர் ஆகஸ்ட் வோலர், லட்சக்கணக்கான தடவை இரும்பை வளைத்துச் சோதித்தார். 'இவ்வளவு பாரம் என்றால் இத்தனை தடவை தாங்கும்' என்று கணக்குப் போட்டார். இரும்பின் ஆயுளை வருஷத்தை வைத்துச் சொல்ல முடியாது. எத்தனை தடவை, எவ்வளவு பாரம் என்பதே கணக்கு!

ஒரு வேன் நாளைக்கு 4 நடை, நடைக்கு 15 வேகத்தடை என்று வைத்துக்கொள்வோம். 300 நாளில் 18 ஆயிரம் குலுக்கல்! பள்ளம், மேடு தனி. அதன் மேல் ஆட்களையும் அடைத்தால்? வெல்டிங் இணைப்பில் விழும் அழுத்தம் 2 மடங்கு ஆனால் ஆயுள் பாதியாகக் குறையாது. 8-ல் ஒரு பங்கு ஆகிவிடும்!

கண்ணுக்குத் தெரியாத விரிசலை ஒலி அலை செலுத்திக் கண்டுபிடிக்கிறது ரெயில்வே. வேனுக்கு அவ்வளவு வேண்டாம். அடியில் குனிந்து பார்க்க ஒரு டார்ச் லைட் போதும். விரிசல் விட்ட பட்டைக்கு வெல்டிங் வைக்கக் கூடாது. சூட்டில் உருக்கின் பதம் போய்விடும். புதுப் பட்டைதான் போடவேண்டும்.

பள்ளி திறக்கும் முன் பஸ்களை அதிகாரிகள் சோதிக்கிறார்கள். அப்போது தீயணைப்புக் கருவியோடு, ஸ்பிரிங்கும் அச்சும் எப்போது மாற்றப்பட்டன, அதற்குப் பின் எத்தனை கிலோமீட்டர் ஓட்டம் என்ற நோட்டையும் கேட்கட்டும். கம்பெனி வேன்களுக்கும் இதே விதி வேண்டும்.

இரும்பு கணக்கு வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. வேன் முதலாளிகளே, நீங்கள் வைத்திருக்கிறீர்களா?