தீர்க்க மனமில்லாத பிரச்னை

ஒரு தேசத்தின் எல்லைக்குள் யார் வரலாம், யார் வரலாகாது என்று தீர்மானிக்கும் உரிமை அத்தேசத்து மக்களுக்கே உரியது. இதை நாம் மறுக்கவில்லை, மறுப்பதற்கு நியாயமுமில்லை. ஆயினும், அவ்வுரிமையைச் சட்டப்படி நிலைநாட்டுவது ஒன்று. அதைக் காட்டி ஓட்டுச் சேகரிப்பது முற்றிலும் வேறொன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஜனாதிபதித் தேர்தல்களில் அநுமதியற்ற குடியேற்றம் என்னும் விஷயம் எவ்வாறு பயன்பட்டு வந்திருக்கிறது என்பதை ஆராய்ந்தால், முதலாவது காரியம் கிடப்பிலே போடப்பட்டு, இரண்டாவது காரியமே செவ்வனே நடந்து வந்திருப்பது விளங்கும்.

2015 ஜூன் மாதத்தில் மிஸ்டர் டிரம்ப் தாம் அபேட்சகராக நிற்கப்போவதை அறிவித்த அன்றே, மெக்ஸிகோ எல்லையில் சுவர் எழுப்புவதாகவும், அதன் செலவை மெக்ஸிகோவே கொடுக்கும்படி செய்வதாகவும் வாக்களித்தார். 2016-இல் வெற்றியும் பெற்றார். மெக்ஸிகோ அச்சுவருக்குப் பணம் கொடுக்கவில்லை என்பது உலகறிந்த செய்தி. 2024 பிப்ரவரியில் காலப் ஸ்தாபனம் நடத்திய அபிப்பிராய விசாரணையில், நாட்டின் தலையாய பிரச்னை எது என்ற கேள்விக்குக் குடியேற்றமே என்று விடை கூறியவர்கள் நூற்றுக்கு 28 பேர். வேறெந்தப் பிரச்னையும் அவ்வளவு பேரால் குறிப்பிடப்படவில்லை. அவ்வாண்டு நவம்பரில் 538 தேர்வாளர் ஓட்டுக்களில் 312-ஐப் பெற்று மிஸ்டர் டிரம்ப் மீண்டும் ஜனாதிபதியானார். விலைவாசி உயர்வும் அவ்வெற்றிக்குக் காரணமே. எனினும் எல்லைப் பிரச்னையின் பங்கு சிறிதன்று.

இவ்வாறு ஓட்டளித்தவர்களை எல்லாம் இனத் துவேஷிகள் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அது உண்மையாகாது. 2023-ஆம் நிதியாண்டில் தென்மேற்கு எல்லையில் அமெரிக்க அதிகாரிகள் எதிர்கொண்ட சம்பவங்கள் சுமார் 24,80,000. 2023 டிசம்பர் ஒரு மாதத்தில் மட்டும் எல்லைக் காவலரின் கணக்கில் ஏறியவை ஏறக்குறைய இரண்டரை லட்சம். டெக்ஸாஸ் கவர்னர் மிஸ்டர் அபட் 1922-இன் நூறாண்டுக்குப் பின், அதாவது 2022 முதல், வந்தவர்களைப் பஸ்களில் ஏற்றி நியூயார்க், சிகாகோ முதலிய நகரங்களுக்கு அனுப்பலானார். அது வரையில் எங்கோ பாலைவனத்துப் பிரச்னையாக இருந்தது, நகரத்து விடுதிகளின் பிரச்னையாகவும் பள்ளிக்கூடங்களின் பிரச்னையாகவும் மாறியது. ஜனாதிபதி பைடன் 2024 ஜூன் மாதத்தில் புகலிடம் கோருவோருக்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தார். வருவோர் தொகையும் குறைந்தது. இதை மூன்றாண்டுகளுக்கு முன்பே செய்திருக்கலாகாதா என்று சாதாரண வாக்காளர் கேட்டால், அதில் துவேஷம் எங்கே இருக்கிறது?

டெக்ஸாஸில் ஸ்டார் கவுண்டி என்று ஒரு ஜில்லா இருக்கிறது. அங்குள்ள ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் மெக்ஸிக வமிசத்தினர். 1892-க்குப் பின் குடியரசுக் கட்சியின் ஜனாதிபதி அபேட்சகர் எவரையும் அந்த ஜில்லா ஆதரித்ததில்லை. 2024-இல் அது மிஸ்டர் டிரம்பை ஆதரித்தது. குடியேறியவர்களின் சந்ததியார் என்றென்றைக்கும் தம் பக்கமே நிற்பர் என்று ஜனநாயகக் கட்சியார் போட்டிருந்த கணக்கு அங்கே தவறிற்று.

வாக்காளரின் கவலை உண்மையானது என்றால், அக்கவலையை வைத்து அரசியல்வாதிகள் செய்தது என்ன? 2024 பிப்ரவரியில் நடந்ததை நினைவூட்ட விரும்புகிறோம். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த லாங்க்போர்டு, ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த மர்பி, சுயேச்சையான சினிமா அம்மையார் ஆகிய மூன்று செனட்டர்கள் பல வாரங்கள் பேசி எல்லைக் கட்டுப்பாட்டு மசோதா ஒன்றைத் தயாரித்தனர். எல்லைக் காவலரின் சங்கமே அதை ஆதரித்தது. ஆனால் மிஸ்டர் டிரம்ப் அதை எதிர்த்தார். மசோதா தோற்றால் பழியைத் தம்மீது போடலாம் என்று வெளிப்படையாகவே கூறினார். செனட் சபையில் 60 ஓட்டுக்கள் தேவைப்பட்ட இடத்தில் 49 மட்டுமே கிடைத்தன. குடியரசுக் கட்சியாரில் நால்வரே அதன் பக்கம் நின்றனர். கடுமையான சட்டம் வேண்டுமென்று ஊர் ஊராய் முழங்கியவர்களே, கடுமையான சட்டம் வாயிலில் வந்து நின்றபோது கதவைச் சாத்தினார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்ற பழமொழிக்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டுமோ?

பழி ஒரு கட்சிக்கே உரியது என்றும் நாம் சொல்ல வரவில்லை. 2009, 2010-ஆம் ஆண்டுகளில் ஜனாதிபதி பதவியும் இரு சபைகளும் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தன. அப்போதும் முழுமையான குடியேற்றச் சீர்திருத்தம் செனட் சபையில் ஓட்டுக்கு வரவில்லை. 2013-இல் செனட் சபை 68-க்கு 32 என்ற ஓட்டுக் கணக்கில் ஒரு நல்ல மசோதாவை நிறைவேற்றியது. பிரதிநிதி சபையின் குடியரசுக் கட்சித் தலைவர்கள் அதை விவாதத்திற்கே எடுக்கவில்லை. 2014 ஜூனில் அச்சபையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரான எரிக் கான்டர், குடியேற்ற விஷயத்தில் இளகியவர் என்று தாக்கப்பட்டு, தம் கட்சிக்குள் நடந்த முதற்கட்டத் தேர்தலிலேயே தோற்றார். சமரசம் பேசுகிறவனுக்குப் பதவி போகும் என்ற பாடத்தை மற்ற அங்கத்தினர்கள் உடனே கற்றுக்கொண்டார்கள். நோயை ஆற்றுபவனுக்குத் தண்டனையும், நோயைக் காட்டிப் பேசுபவனுக்குப் பரிசும் கிடைக்குமானால், நோய் எவ்வாறு தீரும்?

நிற்க. இந்நோயின் மூலம் எது என்பதையும் பார்க்க வேண்டும். 1942 முதல் 1964 வரையில் அமெரிக்க சர்க்காரே மெக்ஸிகோவுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு வயல் வேலைக்கு லட்சக்கணக்கான தொழிலாளர்களை வரவழைத்தது. பின்னர் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. 1965-ஆம் வருஷத்துச் சட்டம், மேற்குக் கோளார்த்தத்து நாடுகளிலிருந்து வருவோருக்கு முதன்முறையாக ஆண்டுக்கு 1,20,000 என்று வரம்பு கட்டியது. வயல்களுக்கு ஆள் வேண்டியிருந்தது மாறவில்லை. ஆட்கள் வந்த பாதையும் மாறவில்லை. நேற்று வரை தொழிலாளியாக வந்தவன் இன்று குற்றவாளியாக வந்தான், அவ்வளவே.

1986-இல் ஜனாதிபதி ரீகன் கையொப்பமிட்ட சட்டத்தின்படி சுமார் 27 லட்சம் பேர் சட்டபூர்வமான வாசிகளாயினர். அநுமதியற்றவரைத் தெரிந்தே வேலைக்கு வைக்கும் முதலாளிக்குத் தண்டனை என்றும் அச்சட்டம் கூறிற்று. ஆனால் காண்பிக்கப்படும் பத்திரம் பார்வைக்கு உண்மையானதாகத் தோன்றினால் போதும், முதலாளி தப்பிவிடலாம். போலிப் பத்திர வியாபாரம் செழித்தது. தண்டனை ஏட்டளவில் நின்றது. பியூ ஆராய்ச்சி நிலையத்தின் மதிப்பீட்டின்படி 2023-இல் அநுமதியின்றி வசித்தவர்கள் 1 கோடியே 40 லட்சம் பேர். பயிர்த்தொழிலில் கூலி வேலை செய்வோரில் பத்துக்கு நால்வர் அத்தகையோர் என்று அந்நாட்டு விவசாய இலாகாவே கூறியிருக்கிறது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? தவிரவும், விமானத்தில் முறைப்படி வந்திறங்கி, தவணை கடந்தும் தங்கிவிட்டவர்கள் அநேகர். எத்தனை உயரமான சுவரும் அவர்களைத் தடுக்காது.

ஆயினும் சுவர் கண்ணுக்குத் தெரியும். நீதிமன்றத்தில் தேங்கிக் கிடக்கும் வழக்குகள் தெரியமாட்டா. சுவருக்குப் பணம் வேண்டுமென்ற பிடிவாதத்தால் 2018 டிசம்பரிலிருந்து 2019 ஜனவரி வரையில் 35 நாட்கள் சர்க்கார் அலுவல்களில் ஒரு பகுதி ஸ்தம்பித்தது. குடியேற்ற நீதிமன்றங்களிலோ, 2023-ஆம் ஆண்டின் இறுதியில் தேங்கிய வழக்குகள் 30 லட்சத்தைத் தாண்டின. 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டம் சுவருக்கென 4,650 கோடி டாலர் ஒதுக்கியது. அதே சட்டம், 2028 நவம்பர் முதல் குடியேற்ற நீதிபதிகள் 800 பேருக்கு மேல் இருக்கலாகாதென்று வரம்பும் கட்டியது. புகலிடம் கோரும் உரிமை ஒருவனுக்கு உண்டா, இல்லையா என்று விரைவில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீதிபதி. அவருக்கு வரம்பு, சுவருக்கு வாரி வழங்கல் என்றால், நோக்கம் தீர்வா, காட்சியா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் காட்சியில் இந்தியர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. 1917-ஆம் வருஷத்துச் சட்டம் ஆசியாவின் பெரும் பகுதிக்குக் கதவடைத்தது. 1923-இல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் வெள்ளையரல்லர், ஆதலின் பிரஜா உரிமை பெறத் தகுதியற்றவர் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1946-இல்தான் பிரஜா உரிமை கிடைத்தது. அதுவும் ஆண்டுக்கு 100 இந்தியர் மட்டுமே குடியேறலாம் என்ற அளவோடு. அங்கே இன்று உயர்நிலையில் இருக்கும் நம்மவர், கதவு ஒரு காலத்தில் தமக்கும் மூடியிருந்ததை மறத்தல் தகாது.

2025 பிப்ரவரி 5-ஆம் தேதி, 104 இந்தியர்கள் அமெரிக்க ராணுவ விமானத்தில் அமிருதசரஸுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். வழியெல்லாம் கையிலும் காலிலும் விலங்கு பூட்டப்பட்டிருந்ததாக அவர்கள் கூறினர். சட்டத்தை மீறித் தங்கிய பிரஜைகளைத் திரும்ப ஏற்பது நம் கடமை. அதில் நமக்கு ஆட்சேபமில்லை. வேலை தேடிச் சென்றவனைக் கொலைகாரனைப் போல் விலங்கிட்டு அனுப்புவதில்தான் நமக்கு ஆட்சேபம். அந்த விலங்கு தப்பியோடுவதைத் தடுப்பதற்கு மட்டும் பூட்டப்பட்டதன்று. அங்குள்ள வாக்காளரின் கண்ணுக்காகவும் பூட்டப்பட்டது.

நம் வீட்டுக் குற்றத்தையும் சொல்லியாக வேண்டும். 2022 ஜனவரியில், கனடாவின் மானிடோபா எல்லையை நள்ளிரவில் நடந்து கடக்க முயன்ற குஜராத்திக் குடும்பத்தினர் நால்வர் பனியில் உறைந்து மாண்டனர். அவர்களில் ஒன்று மூன்று வயதுக் குழந்தை. இக்கரைக்கு அக்கரை பச்சை என்று ஆசை காட்டி, நிலத்தையும் நகையையும் விற்கவைத்து, மனிதரைச் சரக்காக அனுப்பும் தரகர்கள் நம் ஊர்களில்தான் தொழில் நடத்துகிறார்கள். அவர்களைக் கண்டுபிடித்துத் தண்டிக்க வேண்டியவை நம் சர்க்கார்களேயன்றி அமெரிக்க சர்க்காரன்று.

அமெரிக்கா செய்ய வேண்டியது இரகசியமன்று. உழைப்பாளி தேவையென்றால், அவன் நேர்வழியில் வந்து நேர்வழியில் திரும்ப ஒரு வாயில் வேண்டும். புகலிட வழக்குகள் மாதக் கணக்கில் முடிய நீதிபதிகள் வேண்டும். திருட்டுத்தனமாக வேலை வாங்கும் முதலாளிக்கு மெய்யான தண்டனை வேண்டும். நெடுங்காலமாக வரி செலுத்தி, பிள்ளைகளைப் பெற்று வளர்த்துவிட்டவர்களுக்கு ஒரு முடிவான நிலை வேண்டும். இவை ஒவ்வொன்றும் அந்நாட்டு மசோதாக்களில் முன்பே எழுதப்பட்டவை. குறைவாக இருப்பது யோசனையன்று, மனமே. ஒரு பிரச்னையைத் தீர்த்தவர் யார் என்று பார்த்து ஓட்டளிக்க வாக்காளர் பழகும் வரையில், அதைத் தீர்க்காமல் வைத்திருப்பதே அரசியல்வாதிக்கு லாபம். அந்த லாபத்தை ஒழிக்கும் சக்தி எந்தச் சுவருக்கும் இல்லை. ஓட்டுச் சீட்டுக்குத்தான் உண்டு.