கப்பல் வரும் வரை காத்திருக்குமா பிரேக்?

ரயில் ஓடாத தீவில் ரயில்வே குமாஸ்தாவாக இருப்பவர் நாம். கடல் கடந்த பின் ஏற வேண்டிய ரயிலுக்கு இங்கேயே சீட்டுப் பதிந்து கொடுப்பது நம் வேலை. வண்டி புறப்படும் நேரத்தைச் சொல்லியே பழகிய நாம், இம்மாதம் வண்டி நிற்பதைப் பற்றி எழுத நேர்ந்தது. காரணம் நம் மைத்துனரின் பழைய பிக்கப் வண்டி.

நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டி அது. இரட்டைக் கேபின் உடையது. நீல் தீவிலிருந்து, அதாவது இன்றைய ஷஹீத் த்வீப்பிலிருந்து, ஃபீனிக்ஸ் பே படகுத்துறைக்கு வந்து சேரும் காய்கறி மூட்டைகளை அவர் அதில் ஏற்றிக் கடைகளில் சேர்ப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் சங்கத்துத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்து வருவதும் அதே வண்டிதான்.

இரண்டு மாதங்களுக்கு முன் அவர் நம்மிடம், “அத்தான், பெடலை மிதித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது; இடப்பக்கம் கிறீச்சென்று சத்தமும் வருகிறது” என்றார். நாம் என்ன சொன்னோம்? “அடுத்த கப்பலில் சாமான் வரவழைத்துப் பார்த்துக்கொள்ளலாம், அதுவரை மெதுவாக ஓட்டு” என்றோம். இதை மறைக்காமல் எழுதுவதே முறை. அடுத்த கப்பல் வந்தது, போனது, அதற்கடுத்ததும் போனது. ஒரு ஞாயிறு காலை, படகுத்துறையை நோக்கி இறங்கும் சரிவில் பிரேக்கை மிதித்தபோது வண்டி வலப்புறம் இழுத்துச் சென்று, மதிற்சுவருக்கு ஒரு முழம் முன்பாக நின்றது. உள்ளே ஐந்து பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருத்தி நம் மகள்.

யாருக்கும் காயமில்லை. அன்று மாலையே, நெடுங்காலம் இத்தொழிலில் கை பழகிய மெக்கானிக் பெரியவர் ஒருவர் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். இடச் சக்கரத்துப் பிரேக் டிஸ்கின் வெளிமுகம் பார்வைக்கு நன்றாகவே இருந்தது. உள்முகமோ உழுத வயல் போலக் கிடந்தது. காலிப்பர் நகரவேண்டிய முளைகள் துருவேறி இறுகிவிட்டபடியால், உட்புறத்துப் பேட் மட்டும் தேய்ந்து தேய்ந்து, அதன் இரும்புத் தகடே டிஸ்கை அறுத்திருந்தது. இடப்பக்கம் பிடிக்காமல் வலப்பக்கம் மட்டும் பிடித்ததால்தான் வண்டி வலப்புறம் இழுத்தது. சக்கரத்தைக் கழற்றாமல் வெளியிலிருந்து எட்டிப் பார்த்துத் திருப்தியடைவோர் இதைக் கவனிக்க.

துரு நம் தீவுக்குப் புதிதன்று. டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. உப்புக் காற்றும், ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழையும் அதை விட்டு வைப்பதில்லை. இரவு நின்ற வண்டியில் காலையில் காணும் மெல்லிய செந்துரு நான்கைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். அதற்கு அஞ்ச வேண்டாம். குழி விழுந்த துரு, விளிம்பில் எழும்பிய வரப்பு, காற்றுத் துவாரங்களை அடைத்த துரு ஆகியவையே அபாயம். டிஸ்கின் மீதே குறைந்தபட்சக் கனம் இத்தனை மில்லிமீட்டர் என்று பொறித்திருப்பார்கள். அளந்து பார்த்து, அதற்குக் கீழே இறங்கியிருந்தால் லேத்தில் கொடுத்துக் கடைவது வீண், மாற்றியே தீரவேண்டும்.

மைத்துனர், “வலப்பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது? ஒன்று மட்டும் வாங்கினால் போதாதா?” என்று கேட்டார். பெரியவர், “தம்பி, ஒரு காலில் புதுச் செருப்பும் மறுகாலில் தேய்ந்த செருப்பும் போட்டு ஓடிப்பார்” என்றார். முன்சக்கரம் இரண்டுக்கும் டிஸ்கும் பேடும் ஒரே நாளில் மாற்றவேண்டும் என்பதே விதி. இல்லையேல் பிடிப்பு ஒருபுறம் கூடி, மறுபுறம் குறையும்.

சென்னையிலிருந்து கப்பல் வர மூன்று நாள் போல ஆகும். கப்பல் புறப்படும் நாளும் நம் கையில் இல்லை. சாமான் வந்து சேரப் பதினாறு நாள் ஆயிற்று. அந்தப் பதினாறு நாளும் வண்டி அசையவில்லை. மைத்துனருக்கு வாடகை வரவில்லை. மூட்டைகளை வேறு வண்டிக்காரர் ஏற்றினார். அந்த மாதத் தவணையில் ஒரு பகுதியை நாம் கொடுத்தோம். தவறான யோசனை சொன்னதற்கு அதுவே நம் அபராதம்.

வேலை நடந்த விதத்தையும் சொல்வோம். சமதரையில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்தார்கள். கழற்றிய காலிப்பரை ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டினார்கள். கார்களில் டிஸ்க் பெரும்பாலும் எளிதில் கழன்றுவிடும். இத்தகைய பழைய நான்கு சக்கர இயக்க வண்டிகள் பலவற்றிலோ, டிஸ்க் ஹப்பின் பின்புறம் போல்ட்டால் பிணைக்கப்பட்டிருக்கும். ஆகவே ஹப்பையும் வீல் பேரிங்கையும் கழற்ற நேரும். அச்சமயம் பழைய கிரீஸைத் துடைத்துப் புதியது நிரப்பி, பேரிங்கின் இறுக்கத்தைச் சரியாக வைக்கவேண்டும். ஹப்பின் முகத்தில் ஒட்டிய துருவைச் சுரண்டாமல் புது டிஸ்கைப் பூட்டினால், அது கோணி நின்று மறுபடி நடுங்கும். புது டிஸ்கில் பூசிய காப்பு எண்ணெயைக் கழுவ மறத்தலும் ஆகாது. பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. நம் தீவுக் காற்றில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நலம். எல்லாம் பூட்டியபின், வண்டியை நகர்த்துமுன் பெடல் கெட்டிப்படும் வரை மிதிக்கவேண்டும். இதை மறந்தால் முதல் மிதிக்கு வண்டி நில்லாது.

டிஸ்க் பிரேக்குக்கு இங்கிலாந்தில் லாஞ்செஸ்டர் என்பார் 1902ல் காப்புரிமை பெற்றார். நம் பக்கத்தில், சென்னைப் பாடியில் 1962 முதல் பிரேக் சாமான்கள் செய்யும் பிரேக்ஸ் இந்தியா நிறுவனம் உண்டு. பெரம்பூர் தொழிற்சாலையில் செய்யப்படும் எல்.எச்.பி. ரயில் பெட்டிகளின் அச்சுகளிலும் டிஸ்க் பிரேக்கே இருக்கிறது. ரயில் கிளம்பும் நிலையத்தில் வண்டியின் பிரேக்கைச் சோதித்த பின்னரே புறப்பாடு தருவார்கள். ஆயிரம் பேர் ஏறும் வண்டிக்கு உள்ள அந்த ஒழுங்கு, ஐந்து பிள்ளைகள் ஏறும் வண்டிக்கு வேண்டாமா?

வண்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழைக்காலத்துக்கு முன் ஒருநாள் சக்கரத்தைக் கழற்றி, உள்முகத்தையும் பாருங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே வகை வண்டி வைத்திருந்தால், ஒரு ஜோடி டிஸ்கும் பேடும் பொதுவில் வாங்கி இங்கேயே வைத்துக்கொள்ளலாம். பெடல் நடுங்கும்போது, “அடுத்த கப்பலில் பார்க்கலாம்” என்று யாராவது சொன்னால், அவர் நம்மைப் போன்ற குமாஸ்தா என்று அறிந்து, மெக்கானிக்கிடம் செல்லுங்கள்.

சென்ற ஞாயிறு பிள்ளைகள் அதே வண்டியில் வகுப்புக்கு வந்தார்கள். அதே சரிவில் வண்டி நேராக நின்றது.