விதைநெல்லை விற்றவர்கள்

கனடா தேசத்து டொரான்டோ நகரின் ‘மேப்பிள் லீப்ஸ்’ ஐஸ் ஹாக்கிக் கோஷ்டி ஸ்டான்லி கோப்பையை 1967-ம் வருஷத்தில் வென்றது. அதன் பின் ஐம்பது வருஷங்கள் கழிந்தும் அது மீண்டும் கிட்டவில்லை. பணத்திற்குப் பஞ்சமில்லை, அரங்கிற்கு வரும் ஜனங்களுக்கும் குறைவில்லை. பிழை யாருடையது? நிர்வாகிகளுடையதே என்பது நமது அபிப்பிராயம்.

2009-ல் நிர்வாகி பிரையன் பர்க், பாஸ்டன் கோஷ்டியிடமிருந்து பில் கெஸ்ஸலை வாங்கினார். கெஸ்ஸல் கோல் போடுவதில் சமர்த்தர். அவரை நாம் குறை கூறவில்லை. கொடுத்த விலையே நம்மைத் திகைக்கச் செய்கிறது. இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகள் மூன்று போயின. அவற்றுள் இரண்டு முதற் சுற்றைச் சேர்ந்தவை. கடைசியில் நிற்கும் கோஷ்டியின் உரிமைக்கே அந்த லீகில் மதிப்பு அதிகம். டொரான்டோவோ அந்தப் பருவத்தில் 30 கோஷ்டிகளுள் 29-வதாக நின்றது! அவ்வுரிமையைக் கொண்டு பாஸ்டன் டைலர் செகினைப் பெற்றது. 2011-ல் அவரோடு கோப்பையையும் பெற்றது.

இவ்வளவு கண்டும் புத்தி வந்ததா? 2013-ல் டேவிட் கிளார்க்சனுக்கு ஏழு வருஷங்களுக்கு 3 கோடியே 67½ லட்சம் டாலர் எழுதிக் கொடுத்தார்கள். 2015-ல், முதுகு உபாதையால் ஆட இயலாத ஒருவரை ஏற்றுக்கொண்டாவது அவரை அனுப்பிவிட நேர்ந்தது.

ரசிகர்கள் பொறுக்கமாட்டார்கள் என்பது நிர்வாகிகள் வழக்கமாய்ச் சொல்லும் சமாதானம். நாற்பது வருஷம் பொறுத்தவர்கள் இன்னும் நாலு வருஷம் பொறுக்கமாட்டார்களா? 2016-ல் மறுபடியும் கடைசி இடத்தில் நின்றபோது உரிமையை விற்காமல் வைத்திருந்தார்கள். ஆஸ்டன் மாத்யூஸ் கிடைத்தார்.