ஒப்பேற்றுவதும் ஒரு படிப்புதான்



இன்று கொஞ்சம் நீளமான பதிவு. வேலை முடிந்து உட்காரும்போது படியுங்கள்.

நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் கணினி மேசையின் படத்தைப் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அக்கா மகன், "மாமா, இன்னும் எத்தனை நாளைக்கு இப்படியே ஒப்பேத்திக்கிட்டு இருப்பீங்க? புதுசு ஒண்ணு வாங்கி அனுப்புறேன்" என்று எழுதினான். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் 'ஒப்பேத்துறது' என்ற சொல்லை நாம் எப்போதும் கொஞ்சம் இளக்காரமாகவே சொல்கிறோம். அதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு.

என் லேப்டாப்புக்குப் பன்னிரண்டு வயது. திரை போய்விட்டது, அதனால் பழைய டிவியில் எச்.டி.எம்.ஐ. வயரைச் செருகி வைத்திருக்கிறேன். விசைப்பலகையில் ஏழெட்டு விசைகள் வேலை செய்யாது, வெளியிலிருந்து ஒரு கீபோர்டு. பேட்டரி செத்துவிட்டதால் கழற்றிவிட்டு நேராகச் சார்ஜரில் ஓடுகிறது. அடியில் காற்றுப் போக நான்கு சோடா மூடி. பார்க்க அழகாக இருக்காது. ஆனால் ஓய்வூதியச் சான்று எடுப்பது, பேத்திக்குக் கணக்குத் தாள் தயாரிப்பது, இந்தப் பதிவை எழுதுவது எல்லாம் இதில்தான்.

ஒப்பேற்றுவது இல்லாதவன் வேலை, விஷயம் தெரியாதவன் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். வாயேஜர் 1 விண்கலத்தை நாசா 1977இல் ஏவியது. அதில் இருப்பதும் அந்தக் காலத்துக் கணினிதான். 2023 நவம்பரில் அது அனுப்பிய தகவல் எதுவும் புரியாமல் போயிற்று. நினைவகத்தில் ஒரு சில்லு கெட்டுவிட்டது என்று கண்டுபிடித்தார்கள். கலம் இருந்ததோ சுமார் 2,400 கோடி கிலோமீட்டருக்கு அப்பால். இங்கிருந்து ஒரு கட்டளை போய்ச் சேரவே இருபத்திரண்டரை மணி நேரம், பதில் வர மறுபடியும் அவ்வளவு நேரம். ஆளை அனுப்பிச் சில்லை மாற்ற முடியுமா? கெட்ட இடத்தில் இருந்த நிரலைத் துண்டு துண்டாகப் பிரித்து, நினைவகத்தில் காலியாக இருந்த வேறு இடங்களில் செருகினார்கள். மொத்தமாக வைக்க ஓர் இடத்தில் இடம் போதவில்லை. 2024 ஏப்ரலில் கலம் மறுபடி புரியும்படி பேசியது. நாற்பத்தாறு வயதுக் கணினியை நம் தையற்காரர் கிழிந்த சட்டைக்கு உள்பக்கம் ஒட்டுத் துணி வைப்பதுபோல வைத்துத் தைத்துவிட்டார்கள். உலகத்திலேயே நன்றாகப் படித்தவர்கள் செய்த ஒப்பேற்றல் அது.

ஆக, ஒப்பேற்றுவதில் இரண்டு வகை. ஏன் கெட்டது என்று தெரிந்து செய்வது ஒன்று. நாலு தட்டுத் தட்டினால் ஓடும் என்று செய்வது இன்னொன்று. முதலாவது படிப்பு. இரண்டாவது சூதாட்டம்.

உதாரணமாக, கணினியைப் போட்டதும் திரையில் ஒன்றும் வராமல் 'பீப் பீப்' என்று கத்தினால் பெரும்பாலும் ராம்தான் காரணம். நம் ஊர்த் தூசிக்கும் ஈரத்துக்கும் அதன் உலோகப் பற்களில் அழுக்குப் படிந்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ராமைக் கழற்றி, பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மாட்டினால் பல சமயம் சரியாகிவிடும். மந்திரம் ஒன்றுமில்லை. தொடர்பு விட்ட இடத்தில் தொடர்பு கொடுக்கிறோம்.

இன்னொன்று. "சார், கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு, நெட்டே ஓபன் ஆகல" என்று எத்தனையோ பேர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். திரையின் மூலையில் தேதியைப் பார்த்தால் 2009 என்று இருக்கும். மதர்போர்டில் சி.ஆர்.2032 என்று ஒரு பொத்தான் செல் உண்டு. கணினியை அணைத்த பிறகும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது தீர்ந்துபோனால் தேதி பின்னுக்குப் போய்விடும். இணையப் பக்கங்களின் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. 2009இல் இருக்கும் கணினிக்கு இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் 'பாதுகாப்பானது அல்ல' என்று மறுக்கிறது. ஒரு டீ, இரண்டு வடை விலையில் தீர வேண்டிய விஷயத்துக்காக முழுக் கணினியும் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகிறது. எனக்கு வயிறு எரிவது இங்கேதான்.

ஆனால் எல்லா ஒப்பேற்றலையும் நான் ஆதரிக்கவில்லை. இதையும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 

மூன்று முனை பிளக்கின் பெரிய முனையை உடைத்துவிட்டு இரண்டு துளைச் சாக்கெட்டில் செருகுகிறார்கள். அந்தப் பெரிய முனைதான் எர்த். உள்ளே ஏதாவது கசிந்தால் மின்சாரத்தை மண்ணுக்குள் கொண்டுபோவது அது. அதை உடைத்தால் அந்த வேலையை உங்கள் உடம்பு செய்யும். ஃபியூஸ் போனால் கையில் கிடைத்த தடித்த செம்புக் கம்பியைச் சுற்றுகிறார்கள். ஃபியூஸின் வேலையே உருகுவது. உருகாத ஃபியூஸ் என்பது தூங்கும் காவல்காரன்.

சூடு தாங்காமல் கணினி அணைந்துபோகிறது என்று, பிராசசர் மேல் தெர்மல் பேஸ்டுக்குப் பதில் பற்பசை தடவலாம் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். தடவிய அன்று வேலை செய்யும். அதில் இருக்கும் நீர் ஆவியாகிக் காய்ந்த பிறகு பழைய குருடி கதவைத் திறடி கதைதான். வீடியோ எடுத்தவர் முதல் நாளோடு போய்விட்டார். அடுத்த வாரம் அவதிப்படப் போவது நீங்கள். லேப்டாப் பேட்டரி உப்பியிருந்தால் அமுக்கவோ குத்தவோ கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. பழைய பெட்டி மானிட்டரையும் கணினியின் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியையும் வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளை அடிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கும். பணத்தை மிச்சம் பிடிக்கலாம், உயிரை வைத்து மிச்சம் பிடிக்கக் கூடாது.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். உண்மையில் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

நான் வேலை பார்த்த ஒரு நடுநிலைப் பள்ளிக்கு நான்கு கணினிகள் வந்தன. அந்த வகுப்பில் படித்தவர்கள் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். முதல் வருடம் நான்கும் ஓடின. பிறகு மின்சாரம் ஏறி இறங்கியதில் ஒன்று போயிற்று. அதன் ராமை எடுத்து இன்னொன்றில் போட்டோம். மூன்றாவதின் ஹார்ட் டிஸ்க் நின்றது. கடைசியில் நான்கின் உறுப்புகளையும் சேர்த்து ஒன்றரைக் கணினி ஓடியது. எழுத வேண்டிய இடத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தோம். பதில் வரவில்லை. ஆனால் பார்வைக்கு வந்தவர்கள் பாராட்டினார்கள். "சார் எப்படியும் ஓட்டிடுவார்" என்றார்கள். 

அந்தப் பாராட்டு எனக்கு ஒருநாளும் இனித்ததில்லை. ஏனென்றால், ஒரு கணினியைச் சுற்றி முப்பத்தைந்து பிள்ளைகள் நிற்கும்போது என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வாய் உள்ள இரண்டு மூன்று பையன்கள் மவுஸைப் பிடித்துக்கொள்வார்கள். பெண் பிள்ளைகள் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். முறை வைத்து, பட்டியல் போட்டு, பெண் பிள்ளைகளை முதலில் உட்கார வைத்துப் பார்த்தேன். அப்படியும் ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் முறை வராது. எட்டாம் வகுப்பு முடித்துப் போகும்போது ஒரு பிள்ளை சொன்னது: "சார், கம்ப்யூட்டரை நல்லா பாத்திருக்கேன், தொட்டதுதான் கம்மி."

ஒப்பேற்றுவதில் இருக்கும் ஆபத்து இதுதான். நாம் நன்றாக ஒப்பேற்ற ஒப்பேற்ற, கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுக்காமல் இருக்க வசதியாகிவிடுகிறது. ஆசிரியர் சொந்தக் காசில் செல் வாங்கிப் போடுகிறார், கணினி ஓடுகிறது, 'குறை இல்லை' என்று கணக்கு முடிந்துவிடுகிறது. ஒழுகும் கூரைக்கு அடியில் பாத்திரம் வைப்பது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் பாத்திரம் இருக்கிறதே என்று கூரையை விட்டுவிட்டால் அடுத்த மழைக்குச் சுவரும் போகும்.

அதற்காக ஒப்பேற்றாமல் விட்டுவிட வேண்டுமா? அதுவும் தப்பு. புதுக் கணினி வரும்வரை அந்த முப்பத்தைந்து பிள்ளைகள் வளராமல் காத்திருக்க மாட்டார்கள். அதனால் நான் கடைப்பிடித்த வழியை, இன்று ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். ஒப்பேற்றுங்கள், ஆனால் எழுதி வையுங்கள். இருப்புப் பதிவேட்டில் அந்தப் பொருளுக்கு எதிரே, எந்தத் தேதியில் எது கெட்டது, எதை எடுத்து எதில் போட்டோம், யார் காசு, சரியாக ஓட என்ன வேண்டும் என்று நான்கு வரி. ஒட்டுப் போட்ட கணினியின் மேலேயே 'தற்காலிகம்' என்று தேதியோடு ஒரு சீட்டு ஒட்டுங்கள். பார்க்க வருபவர் கண்ணில் அது பட வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர் முன்னால் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். ஒப்பேற்றியதை மறைத்தால் அது நம் திறமையோடு முடிந்துபோகும். எழுதி வைத்தால் அது ஒரு கோரிக்கையாக நிற்கும். நாம் மாறுதலாகிப் போன பிறகும் நிற்கும்.

வீட்டுக் கணினிகளுக்கும் இப்போது ஒரு நெருக்கடி வந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போட டி.பி.எம். 2.0, புதிய தலைமுறை பிராசசர் எல்லாம் வேண்டும். அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பல கணினிகள் ஒரே நாளில் 'பழசு' ஆகிவிட்டன. அவற்றின் உறுப்பு எதுவும் கெடவில்லை. அதற்காகத் தூக்கிப் போட வேண்டியதில்லை. லினக்ஸ் மின்ட், லுபுண்டு போன்றவை இலவசம். பென் டிரைவில் ஏற்றி, உள்ளே இருப்பதைத் தொடாமலேயே முதலில் ஓட்டிப் பார்க்கலாம். தமிழ்99 தட்டச்சும் உண்டு. பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு ஒரு எஸ்.எஸ்.டி. போட்டால், எழுந்திருக்கவே ஐந்து நிமிடம் எடுத்த லேப்டாப் துள்ளி எழும். ஒன்று மட்டும்: வேலை பார்க்கும் அலுவலகத்தின் மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும் என்றால் இந்த வழி உங்களுக்கு ஆகாது. வீட்டுக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் தாராளமாகப் போதும்.

2022ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்று ஐ.நா. அறிக்கை சொல்கிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததற்குக் கணக்கு இருப்பது கால்வாசிகூட இல்லை. மீதியில் ஒரு பகுதி எங்கோ ஓர் ஊர் ஓரத்தில், செம்புக்காக வயரை எரிப்பவர்களின் மூச்சுக்குள் போகிறது. அவர்களும் யாரோ ஒருவரின் பிள்ளைகள்.

2011இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்தில் உங்களில் பலர் வாங்கினீர்கள். அதில்தான் பலர் கல்லூரி முடித்தீர்கள், முதல் வேலைக்கு விண்ணப்பமும் போட்டீர்கள். அது இப்போது எங்கே இருக்கிறது? பரணில், பழைய புத்தக மூட்டைக்கு அடியில் இருக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். பேட்டரி உப்பியிருந்தால் தொடாமல், விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் தூசியைத் தட்டி, ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஓடினால், உங்கள் படங்களையும் கணக்குகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, வட்டை முழுவதுமாக அழித்துவிட்டு, தெருவில் தட்டச்சுப் பழக ஆசைப்படும் ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது அதில் என்ன ஓட்டை, என்ன ஒட்டு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். குப்பையைத் தள்ளிவிட்டார்கள் என்று அந்தப் பிள்ளை நினைக்கக் கூடாது.

ஓடாவிட்டால் என்ன சத்தம் வருகிறது, எந்த விளக்கு எரிகிறது என்று கீழே கமெண்டில் எழுதுங்கள். நம்மில் மெக்கானிக்கும் இருக்கிறார், இன்ஜினியரும் இருக்கிறார். எனக்குத் தெரிந்தால் நான் சொல்கிறேன், தெரியாவிட்டால் தெரிந்தவர் சொல்லட்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும், மறக்காதீர்கள்.