ஓமனை மறந்துவிட்டு ஜெர்மனியைப் பாருங்கள்



நேற்று இரவு எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் ஹாக்கி அரங்கத்தில் கத்திய கத்தலில் தொண்டை கட்டிவிட்டது. உப்பு போட்ட வெந்நீரில் கொப்பளித்துவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஜூனியர் உலகக் கோப்பைக் காலிறுதியில் நம் பையன்கள் பெல்ஜியத்தை ஷூட் அவுட்டில் 4-3 என்று வென்றதை நேரில் பார்த்தேன். அறுபது வயது தாண்டியவனுக்கு அது நல்லதா கெட்டதா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நாளை ஞாயிறு இரவு ஜெர்மனியோடு அரையிறுதி. காலையிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில் "கப் நமக்குத்தான் சார்", "ஓமனுக்கு 17 போட்டவங்க ஜெர்மனிக்கு 5 போட மாட்டாங்களா சார்" என்று வந்துகொண்டே இருக்கிறது. நான் பதில் போடவில்லை. சாருக்கு உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் போன் செய்துவிட்டார்கள். உடம்பு நன்றாகவே இருக்கிறது. பதில் கொஞ்சம் நீளம், அதனால் இங்கே எழுதுகிறேன்.

விவரம் தெரியாத உறவினர்களுக்காக முதலில் இரண்டு வரி. இது 21 வயதுக்கு உட்பட்ட ஆண்களுக்கான உலகக் கோப்பை. முதல் முறையாக 24 அணிகள். சென்னையிலும் மதுரையிலும் நடக்கிறது. நம் அணி முதல் ஆட்டத்தில் சிலியை 7-0, மதுரையில் ஓமனை 17-0, சுவிட்சர்லாந்தை 5-0 என்று வென்றது. மூன்று ஆட்டத்தில் 29 கோல் போட்டு, ஒன்றுகூட வாங்காமல் காலிறுதிக்கு வந்தது.

அந்த 29-0தான் எனக்குப் பயம். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் ஒரு பழைய கதையை எடுக்க வேண்டும். உங்களில் ஏழெட்டுப் பேருக்கு அது தெரியும். பெயர் போட மாட்டேன், கவலைப்படாதீர்கள்.

பசியாவரத்துக்குப் படகில் போய் வந்து பாடம் எடுத்த காலம். நான் கணக்கு வாத்தியார், ஆனாலும் விளையாட்டும் என் தலையில்தான். நம் பையன்களுக்குக் கபடி பிறவி வித்தை மாதிரி. வலை இழுத்த கை, படகைத் தள்ளிய கால். பிடித்தால் விடமாட்டார்கள். குறுவட்டப் போட்டிக்கு முன்னால் ஒரு மாதம் அக்கம்பக்கத்துக் குப்பங்களோடு ஆட விட்டேன். ஆறு ஆட்டம், ஆறும் வெற்றி. அதில் ஓர் அணியில் பாதிப் பேர் இறால் சீசன் என்று வரவே இல்லை. இன்னோர் அணி நம் பையன்களைவிட இரண்டு வயது சின்னப் பிள்ளைகள். இது எனக்கு அப்போதே தெரியும். பொன்னேரிப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் டிரில் மாஸ்டர், "ஒரு நாள் கூட்டிட்டு வாங்க சார், எங்க பசங்களோட ஆடிப் பார்க்கலாம்" என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார். நான் போகவில்லை. போட்டிக்கு முன்னால் தோற்றால் பிள்ளைகள் மனசு உடைந்துவிடும் என்று நினைத்தேன். ஊரில் எல்லோரிடமும் "இந்த வருஷம் கோப்பையோடுதான் படகு திரும்பும்" என்று வேறு சொல்லி வைத்தேன்.

குறுவட்டத்தில் முதல் ஆட்டமே அந்தப் பள்ளியோடுதான் விழுந்தது. நம்மவர்கள் ஆடிப் பழகியது மணலில். அங்கே இறுகிப்போன செம்மண் தரை. முதல் ஐந்து நிமிடத்தில் முட்டி தேய்ந்து ரத்தம். அதைவிடப் பெரிய அடி, தங்களைவிட நன்றாக ஆடுகிறவர்களை அவர்கள் அதுவரை பார்த்ததே இல்லை. பாடிப் போனவன் கோட்டைத் தாண்டித் திரும்பவில்லை. இடைவேளையில் ஏழு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. திரும்பி வரும் படகில் ஒருவரும் பேசவில்லை. ஏரித் தண்ணீர் படகில் அடிக்கும் சத்தம் மட்டும்தான்.

நம் அணியில் சிறந்த ரெய்டர் அதற்குப் பிறகு ஆடுகளத்துக்கே வரவில்லை. அடுத்த வருஷம் அப்பாவோடு படகுக்குப் போய்விட்டான். தோல்விதான் காரணம் என்று சொல்லமாட்டேன், வீட்டுக் கஷ்டம் அதைவிடப் பெரிது. ஆனால் ஆட்டத்தில் நின்றிருந்தால் விளையாட்டு விடுதியில் இடம் கேட்டு நானே அலைந்திருப்பேன். நின்றிருப்பான். பழவேற்காடு மீன் மார்க்கெட்டில் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் சிரித்துக்கொண்டே, "அன்னிக்கு ஜெயிச்சிருவோம்னு சொன்னீங்களே சார்" என்பார். அவர் சிரிப்பார். எனக்கு இரண்டு நாள் தூக்கம் போய்விடும்.

ஆகவே 17-0 என்ற கணக்கை யாரும் என்னிடம் கொண்டுவர வேண்டாம். ஓமன் பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. பாகிஸ்தான் வரவில்லை என்றதும் கடைசி நேரத்தில் அந்த இடத்துக்கு அழைக்கப்பட்டு வந்தவர்கள். 17 கோல் வாங்கியும் கடைசி வரை ஆடினார்கள். நான் சொல்வது வேறு. பாகிஸ்தான் வந்திருந்தால் நமக்குத்தான் நல்லது. காலிறுதிக்கு முன்பே ஒரு தடவை மூச்சு முட்டியிருக்கும், எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரிந்திருக்கும். தெரியாமல் போயிற்று. அதனால்தான் நேற்று பெல்ஜியம் முதல் குவார்ட்டரிலேயே ஒரு கோல் போட்டதும் (குவார்ட்டர் என்றால் பதினைந்து நிமிடம், அங்கே யாரும் சிரிக்க வேண்டாம்) நம் பையன்கள் திகைத்து நின்றார்கள். இந்தத் தொடரில் அவர்கள் வாங்கிய முதல் கோல் அது. சமன் செய்ய மூன்றாவது குவார்ட்டர் முடிகிற வரைக்கும் ஆயிற்று. அரை மணி நேரத்துக்கு மேல் பின்னால் ஓடிக்கொண்டிருந்தோம்.

பிறகு வந்தது அழகு. கேப்டன் ரோஹித் பெனால்டி கார்னரில் ஒன்று. மூன்று நிமிடத்தில் சாரதா நந்த் திவாரி, அதுவும் பெனால்டி கார்னரில், இன்னொன்று. 2-1. அரங்கமே எழுந்து நின்றது. முடிந்தது என்று நினைத்து என் பக்கத்தில் இருந்த ஒருவர் பையைக் கூட எடுத்துவிட்டார். கடைசி இரண்டு நிமிடத்துக்குள் பெல்ஜியம் சமன் செய்தது. பிறகு ஷூட் அவுட்டில் நம் கோல்கீப்பர் பிரின்ஸ்தீப் சிங் காப்பாற்றிக் கொடுத்தார்.

வெற்றி வெற்றிதான். ஆனால் விடைத்தாளைத் திருத்துகிறவன் கண்ணால் பாருங்கள். நாம் போட்ட இரண்டு கோலும் பெனால்டி கார்னர். ஓடி, பாஸ் கொடுத்து, வட்டத்துக்குள் புகுந்து அடித்த கோல் ஒன்றுகூட இல்லை. கையில் இருந்த ஆட்டத்தைக் கடைசி நிமிடத்தில் விட்டோம். இந்த இரண்டும் நாளைக்கும் நடந்தால் ஜெர்மனி மன்னிக்காது.

ஜெர்மனியோடு நமக்குள்ள பழைய பாக்கியையும் சொல்லிவிடுகிறேன். 2021இல் புவனேஸ்வரத்தில் இதே கோப்பை. காலிறுதியில் இதே பெல்ஜியத்தை 1-0 என்று வென்றோம். கோல் போட்டவர் இதே திவாரி. அரையிறுதியில் இதே ஜெர்மனி, 2-4. 2023இல் கோலாலம்பூர். காலிறுதியில் நெதர்லாந்தை வென்றோம். அரையிறுதியில் மறுபடி ஜெர்மனி, 1-4. இரண்டு முறையும் அந்தச் சோர்வு தீராமல் வெண்கலத்துக்கான ஆட்டத்தையும் தோற்றோம், முதலில் பிரான்சிடம், பிறகு ஸ்பெயினிடம், இரண்டும் 1-3. மேற்கு ஜெர்மனியாக இருந்த நாளையும் சேர்த்தால் அவர்கள் இந்தக் கோப்பையை ஏழு முறை எடுத்தவர்கள், இப்போதும் நடப்புச் சாம்பியன். நாம் இரண்டு முறை, 2001இல் ஹோபர்ட், 2016இல் லக்னோ.

பெரியவர்கள் அணிக்கும் இதே கதைதான். 2024 பாரிஸ் ஒலிம்பிக் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2-3 என்று தோற்றோம். அன்று நம் கோலில் நின்றவர் ஸ்ரீஜேஷ். இன்று இந்தப் பையன்களுக்குப் பயிற்சியாளர் அவரேதான். அவருக்கு ஜெர்மனியிடம் தோற்பது எப்படி என்றும் தெரியும், ஜெயிப்பது எப்படி என்றும் தெரியும். டோக்கியோவில் வெண்கலத்துக்காக ஜெர்மனியை 5-4 என்று வென்றபோது கடைசி விநாடிகளில் வந்த பெனால்டி கார்னரைத் தடுத்தவர் அவர். பாரிஸ் காலிறுதியில் பத்துப் பேராக ஆடி பிரிட்டனை ஷூட் அவுட்டில் வென்றபோதும் அவர்தான் கோலில். நேற்று பிரின்ஸ்தீப் ஓடி வந்து பந்தை மறித்தபோது எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

எனக்கு நம்பிக்கை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நம்பிக்கைக்கும் கணக்கு இருக்கிறது. கனடாவில் இருக்கும் என் அண்ணன் பேரன் ஐஸ் ஹாக்கி ஆடுகிறான். அங்கே பெரிய ஜூனியர் லீக்குகளில் பிளே ஆஃப் என்றால் ஒரே எதிரியோடு ஏழு ஆட்டம் வரை போகுமாம், நான்கு வென்றவர் மேலே போகலாம். போனில் சொன்னான். அப்படி ஏழு ஆட்டம் வைத்தால் ஜெர்மனிதான் வெல்லும் என்று நான் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுவேன். நமக்கு வாய்ப்பே இது ஒரே இரவு என்பதில்தான் இருக்கிறது. அறுபது நிமிடம். ஜெர்மனியும் ஒன்றும் வெல்ல முடியாத அணி இல்லை. நேற்று அவர்களும் பிரான்சை ஷூட் அவுட்டில்தான் தாண்டி வந்தார்கள். நம் கையில் இரண்டு நல்ல பெனால்டி கார்னர் ஆட்கள், தைரியம் வந்த ஒரு கோல்கீப்பர், நிறைந்த அரங்கம். முதல் குவார்ட்டரில் கோல் வாங்காமல் இருந்துவிட்டால் ஆட்டம் நம் பக்கம் திரும்பலாம். முதலில் அவர்கள் போட்டால் நேற்று மாதிரி அரை மணி நேரம் காத்திருக்க விடமாட்டார்கள், இரண்டாவதும் மூன்றாவதும் வரும். 2023இலும் 2021இலும் வந்தது.

கேட்டவர்களுக்கு என் மதிப்பெண்: நூற்றுக்கு முப்பத்தைந்து. நம் பள்ளியில் முப்பத்தைந்து எடுத்தால் பாஸ் என்பது உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் மனசில் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நம் மண்ணில் நடக்கும் கோப்பையில் இந்திய அணியில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவர்கூட இல்லை. 1980 மாஸ்கோவில் தங்கம் வாங்கிய அணிக்குத் தலைவராக இருந்தவர் நம் வாசுதேவன் பாஸ்கரன். சில வருடங்களுக்கு முன்பு அரியலூரிலிருந்து கார்த்தி செல்வமும் கோவில்பட்டியிலிருந்து மாரீஸ்வரன் சக்திவேலும் இந்திய அணிக்குப் போனார்கள். திறமை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கோவில்பட்டியில் பையன்கள் பள்ளியிலேயே ஹாக்கி மட்டையோடுதான் வளர்கிறார்கள். பஞ்சாப், ஒடிசாப் பையன்களுக்கு வாரா வாரம் தங்களைவிட நன்றாக ஆடும் அணி கிடைக்கிறது. நம்மவர்களுக்கு அது கிடைப்பது அபூர்வம். மதுரையில் இப்போது புது அரங்கம் வந்துவிட்டது. கோப்பை முடிந்த பிறகு அதில் யார் யாரோடு ஆடப்போகிறார்கள் என்பதைத்தான் நான் பார்த்துக்கொண்டிருப்பேன். ஓமன் மாதிரி அணிகளைக் கூப்பிட்டு ஆடி 17 போட்டுக் கைதட்டிக்கொண்டால், பசியாவரத்தில் நான் செய்ததைப் பெரிய செலவில் செய்வதாக ஆகும்.

நாளைக்கான விஷயம். டிக்கெட் இலவசம்தான், ஆனால் போனில் முன்பதிவு செய்ய வேண்டும். எனக்கு வேண்டியதை சென்னையில் இருக்கும் நம் மாணவர் ஒருவர் பார்த்துக்கொள்கிறார். புயல் மழையில் ஒரு வாரமாகத் தொழிலுக்குப் போகாமல் வீட்டில் இருக்கிறோம் என்று நேற்று முன்தினம் போனில் புலம்பியவர்கள் நாளை கிளம்பி வரலாம். நான் சொன்ன அந்த ரெய்டரும் வருகிறார். காலையில் போன் செய்து, "நாளைக்கு என்ன சார் சொல்றீங்க, ஜெயிப்போமா?" என்று கேட்டார். முப்பத்தைந்து என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி சார், அப்ப நல்லா கத்தணும்" என்றார்.

மாலை நான்கு மணிக்கு பொன்னேரி ஸ்டேஷன் டிக்கெட் கவுன்டர் பக்கம் நிற்பேன். குடை எடுத்து வாருங்கள். தோற்றுவிட்டால் 10ஆம் தேதி வெண்கலத்துக்கு ஆட்டம் இருக்கிறது, அதற்கும் போகிறேன், அன்றைக்கு வர முடிந்தவர்கள் இப்போதே சொல்லிவிடுங்கள்.